கஸ்தூரி வீட்டுச் சுவருக்கு ஒரு பங்கு

1. சாத்தாத கதவு

"மேடம், ரூம்பு கதவு சாத்த மாட்டேங்குது" என்று ஒருத்தி போன் பண்ணினால், ஆசாரியைக் கூப்பிடும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். நான் வைக்கவில்லை. "நேத்து சாத்துச்சா?" என்று கேட்டேன்.

"முந்தாநேத்து வரிக்கும் நல்லா சாத்துச்சு. நேத்து இடிச்சுது. இன்னிக்கி பாதியிலயே நின்னுக்கினு கீது" என்றாள்.

ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். மரம் ஒரே ராத்திரியில் வீங்காது. கதவு பாதியில் நிற்கிறதென்றால் நிலை கோணியிருக்கிறது. நிலை கோணினால் சுவர் இறங்குகிறது. இந்தத் தொழிலில் உயிர் போகிற சேதி இப்படித்தான் சாதாரணமாக வரும்.

நான் டிப்ளமோ சிவில் படித்தவள். ராயபுரத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கட்டட ரிப்பேர் வேலை எடுத்துச் செய்தேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. இப்போது முட்டி ஒத்துழைக்காததால் ஏணி ஏறுவதில்லை, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மேடம், பக்கத்து வீட்டுக்காரன் வேலையால நம்ம பார்ட்டி வீடு கெட்டுப்போச்சுன்னா, செலவை எப்படி வாங்குறது?" சட்டம் படித்தவர்கள் சட்டத்தைச் சொல்வார்கள். நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன், அதில் எல்லாம் இருக்கிறது.

திருவொற்றியூரில் கடலோரமாக ஒரு குப்பம். பெயர் வேண்டாம், எல்லோரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். போன் பண்ணியவள் கஸ்தூரி, கருவாட்டு வியாபாரி. புருஷன் போன பிறகு கருவாட்டுக் கூடை சுமந்தே கீழ்வீடும் மாடியும் கட்டியவள். மாடியில் குடித்தனம் வைத்திருந்தாள். கீழே அவளும், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் ரேவதியும். ரேவதிக்கு மாசம் நெருங்கியிருந்தது. அவள் படுத்திருந்த அறையின் கதவுதான் சாத்தவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். நிலைக்கு மேலே ஆரம்பித்த கிராக், சாய்வாக ஏறி கூரை வரைக்கும் போயிருந்தது. மேலே போகப் போக அகலம். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் உச்சியில் என் விரல் உள்ளே போனது. அந்தச் சுவர் பொதுச் சுவர். இந்தப் பக்கம் கஸ்தூரி, அந்தப் பக்கம் தேசப்பன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே அஸ்திவாரம். பழைய குப்பத்து வீடுகள் பலவும் அப்படித்தான் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். ஆனால் இப்போது தேசப்பன் வீடு அங்கே இல்லை. புது வீடு கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். வீடு இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் டீசல் பம்பு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வேலையாக ரேவதியை எழுப்பி முன் ஹாலுக்கு அனுப்பினேன்.

கடலோர மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அஸ்திவாரம் போட அதை இறைத்தாக வேண்டும். டீவாட்டரிங் என்போம். முறையாகச் செய்தால் தண்ணீர் மட்டும் வரும். பள்ளத்துக்குள் நேராக ஹோஸைப் போட்டு ராவும் பகலுமாக உறிஞ்சினால் தண்ணீரோடு மணலும் வரும். பள்ளத்தின் பக்கங்கள் சரியும், சரிந்ததை ஆள் வைத்து வாரிக் கொட்டுவார்கள், மறுபடி சரியும். அப்படிச் சரிந்து வருகிற மணல் வேறெங்கிருந்தும் வருவதில்லை, பக்கத்து வீட்டுக்கு அடியிலிருந்துதான் வருகிறது.

என் மேஸ்திரி பாஷா பாயும் வந்து சேர்ந்தார். பள்ளத்தை ஒரு பார்வை பார்த்தார். "யா அல்லா, இன்னா மேடம் இது" என்றவர், நான் சொல்லாமலேயே ஒரு வாளியை எடுத்துப் போய் பம்பு ஹோஸின் வாயில் பிடித்து நிரப்பிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தோம். தண்ணீர் தெளிந்தது. வாளியின் அடியில் கை வைத்தேன், ஒரு சாண் மணல்.

2. பில்டர் முரளி

சைட்டில் இருந்த ஆளிடம் பம்பை நிறுத்தச் சொன்னேன். பில்டர் சொல்லாமல் நிறுத்த முடியாது என்றான். பில்டரைக் கூப்பிடு என்றேன். கையில் இரண்டு போனோடு முரளி வந்து இறங்கினான்.

"நீங்க யாரு மேடம்?"

"பக்கத்து வீட்டுச் செவுரைப் பாக்க வந்தவ. பம்பை நிறுத்துங்க."

"நிறுத்தினா பள்ளத்துல தண்ணி ஏறிடுமே."

"ஏறட்டும். தண்ணி ஏறினா மணல் நிக்கும்."

அவன் வாளியை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "கடக்கரையில மணல் வராம தங்கமா மேடம் வரும்? அது பழைய செவுரு. நான் வரலைன்னாலும் ஒருநாள் வுழத்தான் போவுது. நீங்க ரிப்பேர் பாக்குறவங்க, உங்களுக்கு எல்லாமே கிராக்காதான் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, குறையும். என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். "மணல் ஓடுற மண்ணுல ஓபன் பம்பு போடக்கூடாதுன்னு தெரியாம பில்டர்னு போர்டு போட்டுக்கிட்டீங்களா, தெரிஞ்சேதான் போட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பம்பு சத்தம் நின்றது. கஸ்தூரி போய் நிறுத்தியிருந்தாள். நிறுத்தியதோடு விடாமல், டீசல் பம்பைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டிலைக் கையோடு எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். "இத்த வாங்கணும்னா என் வூட்டு செவுத்த நிமித்தி வெச்சுட்டு வந்து வாங்கிக்கோ" என்றாள். அவன் ஆட்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. மீன் மார்க்கெட்டில் பேரம் பேசி வளர்ந்த குரல் அது.

அன்றைக்கே அறைக்குள் ஜாக்கி முட்டுக் கொடுத்து கூரையின் பாரத்தைத் தாங்கிப் பிடித்தோம். கிராக்கின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டினேன். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நின்றுவிட்டால் முழுசாக இருக்கும். இதைவிட நம்பகமான கருவியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. மாடியில் குடியிருந்தவர்கள் மறுநாளே காலி பண்ணிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கஸ்தூரியையும் ரேவதியையும்கூட வேறு இடம் பார்க்கச் சொன்னேன்.

"எங்க போறது மேடம்? தலப்பிரசவம். தாய்வூடுன்னு வந்த பொண்ண இன்னொருத்தி வூட்டு வாசல்ல நிறுத்தவா?" என்றாள். அதுவரை திடமாகப் பேசியவள் அப்போதுதான் அழுதாள். குழந்தை பிறந்து இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். சரி, அதற்குள் சுவரை நிறுத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் செலவை யோசித்தேன்.

மாநகராட்சி ஆபீசில் புகார் கொடுத்தோம். அவர்கள் வந்து பார்த்து வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீஸ் ஒட்டிய மறுநாளிலிருந்து முரளியின் இரண்டு போனும் சுவிட்ச் ஆஃப்.

இங்கே ஒரு விஷயம். மோசடி பில்டரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். மண்ணைப் பார்க்காமலே சதுர அடிக்கு ரேட் சொல்கிறானா, அவன் வேண்டாம். தேசப்பனுக்கு முரளி ரேட் சொன்னது ஒரு டீக்கடையில்.

3. சும்மா கிடைத்த மணல்

கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. கஸ்தூரி கருவாடு காயப்போடுகிற இடம் கடலைப் பார்த்த வெட்டவெளி. அங்கே புதிதாக ஒரு பெரிய மணல் மேடு. சாம்பல் நிறம், நுணுக்கமான மணல், நடுவில் கிளிஞ்சல் துண்டுகள்.

"இது ஏதும்மா?"

"அந்த முரளிதான் குடுத்தான். லாரி வெச்சு வெளியே கொண்டுபோனா அவனுக்கு செலவாம். யக்கா, ஒனக்கு மேடு போட்டுத் தரவான்னு கேட்டான். அலை ஏறினா என் கருவாடு நனைஞ்சு நாசமாப் பூடுது. சும்மா வர மண்ண வேணாம்னா சொல்லுவாங்கோ? தினம் ஆள் வெச்சு கொட்டினான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நானும் ஒரு பை நெத்திலி குடுத்தேன்" என்றாள்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தன் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்த மணலைத் தானே வாங்கி, அதற்குக் கருவாடும் கொடுத்திருக்கிறாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அலைக்குப் பயந்து வாழ்கிறவர்களுக்கு ஒரு கூடை மண் கிடைத்தாலும் லாபம்தான். குப்பத்தில் யாராக இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாஷா பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது.

பிறகு எழுந்து அந்த மேட்டைச் சுற்றி டேப் பிடித்தேன். பள்ளத்தையும் டேப் பிடித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் என் முகம் மாறியதை கஸ்தூரி கவனித்துவிட்டாள்.

"இன்னா மேடம்?"

"இந்த மேட்டுல இருந்து ஒரு சட்டி மண்ணுகூட வெளிய போகக் கூடாது. யார் கேட்டாலும் குடுக்காதே" என்றேன்.

4. தேசப்பன்

தேசப்பன் ஃபைபர் போட் வைத்திருக்கிறவர். சொந்தப் போட்டில் தானும் தொழிலுக்குப் போகிறவர். வாடகை வீட்டில் இருந்தார். நான் போய்ப் பேசியபோது பாய்ந்தார்.

"பில்டர் செஞ்சதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? அவன் எனக்கே அல்வா குடுத்துட்டு ஓடிட்டான். என் பொண்டாட்டி நகை, நான் வாங்கின கடன், எல்லாம் அவன் கைல. நானே நடுத்தெருவுல நிக்கிறேன். அந்த செவுத்துக்கும் நானே அழுவணுமா? போயி அவனப் புடிச்சு கேளு."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் சுவர் நிற்காது. "அவனை இந்த இடத்துக்குக் கூட்டிக்கினு வந்தது யாரு தேசப்பா? இடம் உன்னுது. உன் இடத்துல வெட்டின பள்ளத்தால பக்கத்து வீடு இறங்குச்சுன்னா மொதல்ல நீதான் பதில் சொல்லணும். நீ குடுத்துட்டு, அவன்கிட்ட நீ வாங்கு. கேஸ் போடு, நான் சாட்சி சொல்றேன்" என்றேன். கஸ்தூரிக்காகப் பார்த்த வக்கீலும் தேசப்பனுக்கு அனுப்பிய நோட்டீசில் அதையேதான் எழுதினார். கோர்ட்டுக்குப் போனால் கஸ்தூரி ஜெயிக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் தீர்ப்பு வருகிற வரைக்கும் ஜாக்கியில் சுவர் நிற்காது, ரேவதியின் வயிறும் காத்திருக்காது.

இதற்கு நடுவில் ஒருநாள், பள்ளத்தின் ஓரத்தில் போட்டு வைத்திருந்த கம்பியையும், கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்கிற சென்ட்ரிங் ஷீட்டையும் அள்ளிப்போக முரளி ஒரு மினி லாரியை அனுப்பினான். தேசப்பன் டிரைவரின் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று.

"அவனை விடு. டிரைவரை அடிச்சா நீதான் உள்ள போவ. கம்பிக்குக் கடைல காசு கட்டினது யாரு?"

"நான்தான் மேடம். நேரா கடைலயே கட்டினேன்."

"அப்ப கம்பி உன்னுது, இங்கயே இருக்கட்டும். ஷீட்டு வாடகைக்கு எடுத்தது. கடைக்காரனைக் கூப்பிட்டு அவன் கைலயே ஒப்படை. இந்த லாரில ஒண்ணும் ஏறக் கூடாது."

டிரைவர் வெறும் வண்டியோடு போனான். தேசப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதுவரை கஸ்தூரி பக்கத்து ஆள் என்று என்னை முறைத்தவர், அன்றைக்குத்தான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

5. ஊர்க்கூட்டம்

கஸ்தூரி ஊர்த்தலைவரிடம் போய் முறையிட்டாள். குப்பத்தில் எதுவாக இருந்தாலும் ஊர்க்கூட்டம் கூடிப் பேசுவார்கள். கோயில் எதிரில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கஸ்தூரிக்கும் ஒன்று போட்டால்தான் உட்காருவேன் என்றேன். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், போட்டார்கள்.

தேசப்பன் எழுந்தார். "அந்தப் பில்டர் களவாணிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா யக்கா இன்னா பண்ணாங்கோ? அவன் கொட்ட கொட்ட மண்ண வாங்கி கொல்லைல மேடு போட்டுக்கினாங்கோ. வேணாம்னு ஒரு வார்த்த சொன்னாங்களா? நெத்திலி வேற குடுத்து அனுப்பிச்சாங்கோ. அவுங்க வூட்டு மண்ண அவுங்களே எடுத்துக்கினு, செவுரு எறங்கிடுச்சு காசு குடுன்னா இன்னா நாயம் தலைவரே?"

கூட்டம் சிரித்தது. கஸ்தூரி நாற்காலியில் குனிந்துகொண்டாள். பேரத்தில் யாருக்கும் சளைக்காதவள் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். "இன்னா மேடம், அவன் சொல்றதும் சரியாத்தானே கீது?"

"சரிதான் தலைவரே. மண்ணு எடுத்தாங்க. நல்ல வேளை எடுத்தாங்க. அவங்க எடுக்கலைன்னா அவன் லாரில ஏத்தி வித்திருப்பான், நமக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நான் ஒண்ணு கேக்குறேன். தேசப்பன் இடத்துல எடுத்த மண்ணை அதே பள்ளத்துல கொட்டினா, பள்ளம் ரொம்பணும், மேடு தீரணும். சரியா?"

"சரி."

"கொட்டிப் பாப்போம். மேடு தீர்ந்துட்டா அவன் எடுத்தது தேசப்பன் இடத்து மண்ணு மட்டும்தான். செவுரு அதுவா இறங்குச்சு, கஸ்தூரி செலவு கஸ்தூரியுது. பள்ளம் ரொம்பின பெறகும் மேட்டுல மண்ணு மிஞ்சிச்சுன்னா, மிஞ்சின மண்ணு எந்த வூட்டுக்கு அடியில இருந்து வந்துதுன்னு நீங்களே சொல்லுங்க."

தேசப்பன் விவரமானவர். "தோண்டின மண்ணு உப்பும் மேடம். அள்ளிப் போட்டா எப்பவும் ஜாஸ்தியாத்தான் தெரியும்" என்றார்.

"உண்மை. அதனால சும்மா கொட்ட வேணாம். கொஞ்சம் கொட்டி, தண்ணி விட்டு, திமிசுக்கட்டைல நல்லா இடிச்சு எறக்கி, அப்புறம் அடுத்தது கொட்டுவோம். இடிக்கிறதும் உன் ஆளுங்களே இடிக்கட்டும். எவ்வளவு வேணும்னாலும் இடிச்சுக்க."

கூட்டத்தில் யாருக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. எனக்கு உள்ளூரப் பதற்றம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. டேப் பிடித்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதோடு, பள்ளத்தை மூடுவதுதான் அந்தச் சுவரைக் காப்பாற்ற முதலில் செய்ய வேண்டிய வேலை. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் ரேவதியின் அறைக்குப் பக்கத்தில் வாய் பிளந்து கிடக்கிற பள்ளம் மூடிவிடும். அதற்குத் தனியாக ஒரு ரூபாய் செலவில்லாமல் ஊரே ஆள் கொடுக்கிறது. விடுவேனா?

மறுநாள் குப்பத்து இளவட்டங்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மீன் கூடைகளில்தான் மண் அள்ளினார்கள். தேசப்பனின் போட்டில் தொழிலுக்குப் போகிற ஆட்கள் திமிசு போட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, வெறியோடு இடித்தார்கள். பாஷா பாய் தண்ணீர் விடுகிற பொறுப்பை எடுத்துக்கொண்டார். கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்து, "இன்னும் ரெண்டு போடு" என்று அவரே எதிர்க்கட்சிக்கு ஆதரவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளம் மெல்ல மெல்ல ஏறி, தெரு மட்டத்துக்கு வந்து, நிரம்பியது.

எல்லோரும் கொல்லைப்பக்கம் போனார்கள். மேட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே நின்றது.

தேசப்பன் அந்த மணலைக் கையில் அள்ளினார், விரலிடுக்கில் விட்டார். திமிசு போட்ட அவருடைய ஆள் ஒருவர், "நைனா, இம்மாம் மண்ணும் யக்கா வூட்டுக்கு அடியில இருந்தா வந்துது?" என்று கேட்டார். தேசப்பன் கையை உதறிவிட்டு எழுந்தார். கஸ்தூரியிடம் போய், "எனக்கு இது தெரியாது யக்கா" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

6. எஞ்சின் பங்கு

தேசப்பன் கொடுக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எதைக் கொடுப்பது? கையில் காசு இல்லை. அவரிடம் இருந்தது கம்பி ஒன்று, போட் ஒன்று.

கம்பியைச் சுவருக்கு எடுத்துக்கொள்வதாக நான் சொன்னேன். உப்புக் காற்றில் துரு ஏற ஆரம்பித்திருந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்து, துருவுக்கு பிரைமர் அடித்தால் உபயோகப்படும். அதன் விலையைச் செலவில் கழித்தோம். மீதிக்குத் தலைவர் வழி சொன்னார்.

ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போய் வந்தால், டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுகிற காசைப் பங்கு போடுவார்கள். போன ஆளுக்கெல்லாம் ஆளுக்கொரு பங்கு. போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு. போட், வலை, எஞ்சின் பங்குகள் முதலாளிக்குப் போகும். "ஒன் ஆள் பங்கு ஒன் வூட்டுச் சோத்துக்கு. போட்டும் வலையும் ஒன் கடனுக்கு. எஞ்சின் பங்கு இனிமே கஸ்தூரி வூட்டு செவுத்துக்கு. செலவு தீர்ற வரிக்கும்" என்றார் தலைவர்.

இதுபோல ஒரு ஏற்பாட்டை எந்த வக்கீலும் எழுதித் தந்திருக்க மாட்டார். தேசப்பனால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது எனக்கோ கஸ்தூரிக்கோ தெரியாது. கடலுக்குப் போய் வருகிற ஊருக்குத் தெரியும்.

கஸ்தூரி சங்கிலியை அடகு வைத்து வேலையைத் தொடங்கச் சொன்னாள். நாங்கள் அண்டர்பின்னிங் செய்தோம். அஸ்திவாரத்துக்கு அடியில் சின்னச் சின்னக் குழியாக வெட்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு நிரப்புகிற வேலை. முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். ஒன்று விட்டு ஒன்றாக வெட்ட வேண்டும், அது இறுகிய பிறகுதான் அடுத்தது. தண்ணீர் வருகிற ஆழத்துக்கு பம்பே போடாமல், கிணற்றுக்கு இறக்குவது போல சிமெண்ட் உறை இறக்கினோம். தேசப்பன் தன் பக்கத்திலிருந்து வேலை செய்ய இடம் விட்டார். அவசரப்படுத்தத்தான் கஸ்தூரி இருந்தாளே. "பாய், இன்னும் எவ்ளோ நாளு?" என்று கேட்டுக் கேட்டு பாஷா பாயை ஒருவழி ஆக்கிவிட்டாள்.

ரேவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போது கடைசிக் குழியில் கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றுகூட உடையவில்லை. கிராக்கை அதற்குப் பிறகுதான் அடைக்க விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை நேராக அந்த வீட்டுக்குத்தான் வந்தது.

அதன் பிறகுதான் எனக்குப் பிடிக்காத ஒன்று நடந்தது. எஞ்சின் பங்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் தேசப்பனும் கஸ்தூரியும் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "வாங்க தம்பி." "வச்சுக்கோங்க, இன்னிக்கி பங்கு." "ஒக்காருங்க." "இல்லீங்க, வரேன்." ஊர் எதிரில் அக்கா என்றாலும், சின்ன வயசிலிருந்தே வாடா, போடி என்று பழகியவர்கள். குப்பத்தில் இப்படிப் பேசினால் சம்பந்தம் பேச வந்திருக்கிறார்களா, சண்டைக்கு வந்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுவார்கள். அவர் முகத்தில் கொடுக்கிறவனின் வருத்தம், இவள் முகத்தில் வாங்குகிறவளின் கூச்சம்.

ஒருநாள் போட் வெறுங்கையோடு திரும்பியது. தேசப்பன் வாசலில் நின்று, "இன்னிக்கி ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு கஸ்தூரி என்னிடம் கேட்டாள்: "மேடம், மீதிய வுட்டுடவா? பாவம், அவனும் ஏமாந்தவன்தானே. வாடகை வூட்டுல கீறான். பாக்கவே பேஜாரா கீது."

"விடாதே" என்றேன்.

"இன்னா மேடம் நீ, மனசே இல்லாத பேசுற."

"மனசு இருக்கறதாலதான் சொல்றேன். நீ விட்டுட்டேன்னு வை. அவன் ஜென்மத்துக்கும் உன் எதிர்ல தலைகுனிஞ்சு நடப்பான். உனக்கும் ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் வாயில வந்துடும், உனக்காக விட்டுக்குடுத்தேன்டான்னு. ரெண்டு பேரும் ஒரே செவுத்துல முதுகு வச்சு வாழணும். கடைசி ரூபாய் வரைக்கும் வாங்கு. வேணும்னா மெதுவா வாங்கு."

அவள் மெதுவாக வாங்கினாள், ஆனால் முழுசாக வாங்கினாள். அடகுச் சங்கிலி திரும்பி வந்தது. முரளி மேல் தேசப்பன் போட்ட கேஸ் இன்னும் நடக்கிறது, நான் இரண்டு முறை சாட்சிக்குப் போய் வந்தேன். புழல் பக்கம் வேறு பெயரில் போர்டு மாட்டியிருந்தவனைக் கண்டுபிடித்ததும் தேசப்பன்தான்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஓடிப்போன பில்டரைத் துரத்துவதிலேயே காலத்தைக் கழிக்காதீர்கள், இடத்துக்காரரிடம் பேசுங்கள். பேசுவதற்கு முன்னால் சேதத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டுங்கள். அவரால் கொடுக்க முடிகிற வழியில் வாங்குங்கள். ஆனால் பாதியில் தள்ளுபடி செய்யாதீர்கள். தள்ளுபடி செய்தால் கணக்கு தீராது, மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசிப் பங்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, சுவரைப் பார்க்க நான் போயிருந்தேன். அந்த அறையில் சுவரோரமாகத் தூளி கட்டியிருந்தது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ரேவதி எனக்குத் தட்டு போட்டாள். வஞ்சிர மீன் குழம்பு. நான் கையை நனைத்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தேசப்பன் குரல் கேட்டது.

"யாரக் கேட்டு என் எடத்துல கருவாட்டுப் பாய விரிச்ச? நாறுது. எடுடி மொதல்ல."

கஸ்தூரி கரண்டியோடு எழுந்தாள். "எவன்டா அவன் எடுடின்றது? காலி எடம்தானே, ஒரு நாளு காஞ்சா ஒன் எடம் கரைஞ்சா பூடும்?"

"காலி எடம்னா ஒனக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்களா?"

"தோ வரேன் இரு."

தூளியில் குழந்தை அசையவில்லை. கஸ்தூரி புடவையை இழுத்துச் செருகினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை, எத்தனையோ மாதமாக நான் பார்க்காதது.

"நீ கூச்சப்படாத சாப்டு மேடம். இவன ஒருவழி பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். சுவரைப் பார்க்கவே நான் எழுந்திருக்கவில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.